சமுதாயக் கல்லூரியிலிருந்து பொறியியல் பட்டம் வரை: உதவித்தொகை எங்கே இருக்கிறது?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் குடும்பம் உறவினர் வழியாகக் கிரீன் கார்டு பெற்றுக் கலிஃபோர்னியாவில் சான் ஹோசே பகுதியில் குடியேறியிருக்கிறது. நீங்கள் தமிழ்நாட்டில் பாலிடெக்னிக் டிப்ளமோ முடித்தவர், மனைவி பிளஸ் டூ வரை படித்தவர், இருவரும் கடைகளில் வேலை பார்க்கிறீர்கள். மகள் அருகிலுள்ள சமுதாயக் கல்லூரியில் (குறைந்த கட்டணத்தில் இரண்டாண்டுப் படிப்பு தரும் பொதுக் கல்லூரி) சேர்ந்து, இரண்டாண்டு கழித்து ஒரு பல்கலைக்கழகத்துக்கு மாறி மின்பொறியியல் பட்டம் பெற விரும்புகிறார். பொறியியல், தொழில்நுட்பத் துறைகளில் எண்ணிக்கையில் குறைவாக உள்ளவர்களுக்கென்று அறிவிக்கப்படும் உதவித்தொகைகளில் ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு இடமுண்டா, பக்கத்து வீட்டு எச்-1பி (தற்காலிக வேலை விசா) குடும்பத்தின் மகனுக்கும் ஏதேனும் வழியுண்டா என்பவை உங்கள் கேள்விகள்.

மகளுக்கு இடம் உண்டு. ஆனால் அந்தப் பணத்தின் பெரும்பகுதி, இணையப் பட்டியல்களில் 'விண்ணப்பிக்க இங்கே அழுத்தவும்' என்று காத்திருக்கும் பணம் அல்ல. அது முதலில் கல்லூரிக்குப் போய், அங்கே ஒரு பேராசிரியரின் பொறுப்பில் இருந்து, அவருக்குத் தெரிந்த மாணவர்களுக்குப் போகிற பணம். எனவே எந்த உதவித்தொகை என்று தேடுவதற்கு முன்னால், எந்தக் கல்லூரியில் எந்தத் திட்டம் நடக்கிறது, அதில் மகளின் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பதே பயன் தரும்.

அதற்கும் முன்னால், செலவு எங்கே என்பது தெளிவாக வேண்டும். கலிஃபோர்னியாவின் சமுதாயக் கல்லூரிகளில் மாநிலவாசிக்கு ஒரு யூனிட்டுக்கு (பாடத்தின் அளவைக் குறிக்கும் அலகு) 46 டாலர்தான் கட்டணம். ஒரு பருவத்தில் 15 யூனிட் எடுத்தால் 690 டாலர். குறைந்த வருமானக் குடும்பத்தினருக்கு அந்தத் தொகையையும் கலிஃபோர்னியா காலேஜ் ப்ராமிஸ் கிராண்ட் என்ற சலுகை தள்ளுபடி செய்துவிடுகிறது. ஆக, முதல் இரண்டு ஆண்டுகளில் உங்கள் மகளுக்குக் கட்டணம் ஒரு பொருட்டே அல்ல. வாடகை, சாப்பாடு, பேருந்து, புத்தகம், மடிக்கணினி ஆகியவைதாம் செலவு. இவற்றுக்காக வாரத்தில் இருபது, முப்பது மணி நேரம் வேலைக்குப் போக நேர்கிறபோதுதான் கால்குலஸும் இயற்பியலும் கைநழுவுகின்றன. கட்டணத்துக்கான உதவித்தொகையை மட்டும் தேடுகிற குடும்பங்கள் இந்த இடத்தைக் கவனிக்கத் தவறிவிடுகின்றன.

இந்த வாழ்க்கைச் செலவுக்கு முதல் ஆதாரம் கூட்டாட்சி அரசின் பெல் கிராண்ட். 2025-26 கல்வியாண்டில் அதன் உச்சவரம்பு 7,395 டாலர். கிரீன் கார்டு உள்ளவர்கள் இதற்குத் தகுதியுடையவர்கள். ஃபாஃப்சா என்ற கூட்டாட்சி அரசின் நிதியுதவி விண்ணப்பப் படிவத்தை நிரப்பினால் போதும். கட்டணம் ஏற்கெனவே தள்ளுபடியாகியிருந்தால், பெல் தொகையின் பெரும்பகுதி மாணவரின் கைக்கே வரும். இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. பெல் கிராண்டை ஒருவர் தம் வாழ்நாளில் முழுநேரப் படிப்புக் கணக்கில் பன்னிரண்டு பருவங்களுக்கு மேல் பெற முடியாது. சமுதாயக் கல்லூரியிலேயே எட்டுப் பருவங்கள் கழிந்துவிட்டால், செலவு உண்மையில் ஏறுகிற பல்கலைக்கழக ஆண்டுகளுக்கு மிஞ்சுவது நான்குதான். எனவே தேவையற்ற பாடங்களில் பருவங்களை இழப்பது நேர விரயம் மட்டுமல்ல, பண விரயமும்கூட. மாநில அரசின் கால் கிராண்டுக்கு முதல் கெடு மார்ச் 2. சமுதாயக் கல்லூரி மாணவர்களுக்கு மட்டும் செப்டம்பர் 2 என்ற இரண்டாம் வாய்ப்பு உண்டு என்றாலும், அதில் போட்டி கடுமை என்பதால் முதல் கெடுவையே குறிவைக்க வேண்டும்.

இனி, முக்கியமான திட்டத்துக்கு வருகிறேன். அதன் பெயர் எஸ்-ஸ்டெம். தேசிய அறிவியல் அறக்கட்டளை இதை நடத்துகிறது. இதில் மாணவர் நேரடியாக அறக்கட்டளைக்கு விண்ணப்பிக்க முடியாது. கல்லூரி ஆசிரியர்கள் திட்ட முன்மொழிவு எழுதி, பல ஆண்டுகளுக்கான மானியம் பெற்று, அதிலிருந்து தங்கள் மாணவர்களுக்கு உதவித்தொகை வழங்குகிறார்கள். நிதித் தேவையும் படிப்பில் திறமையும் உள்ள மாணவராக இருக்க வேண்டும் என்பதே அடிப்படைத் தகுதி. அமெரிக்கக் குடிமக்களோடு, நிரந்தரக் குடியிருப்பாளர்களும் (கிரீன் கார்டு உடையவர்களும்) அகதிகளாக ஏற்கப்பட்டவர்களும் பெறலாம். இளநிலை மாணவருக்கு முன்பு ஆண்டுக்கு 10,000 டாலர் வரை என்று இருந்த வரம்பு அண்மைய அறிவிக்கையில் 15,000 டாலராக உயர்ந்திருக்கிறது. எவ்வளவு கிடைக்கும் என்பது நிறைவேறாத நிதித் தேவையைப் பொறுத்தது. அதாவது, கல்லூரி கணக்கிடும் மொத்தச் செலவிலிருந்து பெல், கால் கிராண்ட் முதலியவற்றைக் கழித்த பின் நிற்கிற இடைவெளியே அளவுகோல். மொத்தச் செலவு என்பதில் வாடகையும் உணவும் சேரும் என்பதால், 46 டாலர் யூனிட் வாங்குகிற மாணவருக்கும் அந்த இடைவெளி பல ஆயிரம் டாலராக இருக்க முடியும்.

இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்பது தமிழர்கள் அறிந்திருக்க வேண்டிய செய்தி. 1998-இல் அமெரிக்க நாடாளுமன்றம் எச்-1பி விசாக்களின் எண்ணிக்கையைத் தற்காலிகமாக உயர்த்தியபோது, வெளிநாட்டிலிருந்து ஆளெடுக்கிற நிறுவனம் உள்நாட்டு மாணவர்களின் படிப்புக்கும் பணியாளர் பயிற்சிக்கும் ஒரு கட்டணம் செலுத்த வேண்டும் என்று சட்டம் இயற்றியது. இன்று அந்தக் கட்டணம் 1,500 டாலர். 25 பேர் அல்லது அதற்குக் குறைவாகப் பணியாளர் உள்ள நிறுவனங்களுக்கு 750 டாலர். இதில் 30 விழுக்காடு தேசிய அறிவியல் அறக்கட்டளையின் குறைந்த வருமான மாணவர் உதவித்தொகைக்குப் போகிறது. ஆக, பெரிய நிறுவனம் ஒன்று சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ ஒரு பொறியாளரை அழைத்து வரும்போது ஏறத்தாழ 450 டாலர் இந்த நிதியில் சேர்கிறது. அந்தக் கட்டணத்தை ஊழியரிடமிருந்து பிடித்துக்கொள்ளக் கூடாது என்பதும் சட்டம். உங்கள் மகளுக்கு எஸ்-ஸ்டெம் கிடைத்தால், யாரோ சில தமிழ்ப் பொறியாளர்களின் விசா மனுக்களும் அதற்குள் இருக்கும் என்று சொல்வது மிகையாகாது.

உங்கள் கல்லூரியில் இத்திட்டம் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. தேசிய அறிவியல் அறக்கட்டளை தான் வழங்கிய மானியங்கள் அனைத்தையும் பொதுவில் தேடக்கூடிய தரவுத்தளமாக வைத்திருக்கிறது. அதில் கல்லூரியின் பெயரையும் எஸ்-ஸ்டெம் என்பதையும் இட்டுத் தேடினால், மானியம் இருக்கிறதா, அது எந்த ஆண்டு முடிகிறது, பொறுப்பாளரான பேராசிரியர் யார் என்ற மூன்றும் தெரிந்துவிடும். மகள் மாற விரும்பும் பல்கலைக்கழகங்களின் பெயரையும் இதேபோல் தேடுங்கள். சில மானியங்கள் ஒரு சமுதாயக் கல்லூரியையும் ஒரு பல்கலைக்கழகத்தையும் இணைத்தே வழங்கப்படுகின்றன. அத்தகைய இணைப்பில் நுழைந்த மாணவருக்கு, மாறிய பிறகும் உதவி தொடர வாய்ப்பிருக்கிறது. முடிவு ஆண்டைக் கட்டாயம் பாருங்கள். 2025 ஏப்ரல் தொடங்கி அறக்கட்டளை பல மானியங்களை இடையிலேயே நிறுத்தியிருப்பதால், தரவுத்தளத்தில் பெயர் இருப்பது மட்டும் போதாது. பொறுப்பாளருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதி, வரும் பருவத்தில் புதிய மாணவர்களைச் சேர்க்கிறார்களா என்று மகளே கேட்பது நல்லது. பெற்றோர் எழுதும் கடிதத்தை அங்கே யாரும் விரும்புவதில்லை.

அடுத்தது, 'எண்ணிக்கையில் குறைவானவர்கள்' என்போர் யார் என்ற கேள்வி. அறிவியல் அறக்கட்டளையின் வழக்கமான வரையறைப்படி கறுப்பினத்தவர், இஸ்பானியர், அமெரிக்கப் பூர்வகுடிகள், அலாஸ்கா, ஹவாய் மற்றும் பசிபிக் தீவுகளின் பூர்வகுடிகள் ஆகியோரே அந்த இனக்குழுக்கள். ஆசியர்கள் அதில் இல்லை. பொறியியல் வகுப்பறைகளில் இந்தியர்களும் சீனர்களும் தங்கள் மக்கள்தொகை விகிதத்தைவிட மிகுதியாகவே இருக்கிறார்கள் என்பதால், அதை அநீதி என்று சொல்லவும் முடியாது. ஆனால் இனம் மட்டுமே அளவுகோல் அல்ல. பொறியியலில் இளநிலைப் பட்டம் பெறுவோரில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினரே பெண்கள்; மின்பொறியியலில் நிலைமை அதைவிடச் சிறப்பாக இல்லை. உடல்திறன் குறைபாடு உடையவர்களும் இந்த வரையறைக்குள் வருகிறார்கள். எனவே பெண் என்ற முறையில் உங்கள் மகளுக்கு இடமுண்டு.

அதோடு, குடும்பத்தில் முதல் பட்டதாரி என்ற தகுதியும் அவருக்கு இருக்கிறது. இதைத் தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் தவறாகவே நிரப்புகின்றன. கூட்டாட்சிச் சட்டத்தின்படி, பெற்றோர் இருவரில் ஒருவரும் இளநிலைப் பட்டம் முடிக்காதவராக இருந்தால் மாணவர் முதல் தலைமுறை. பாலிடெக்னிக் டிப்ளமோ இளநிலைப் பட்டம் அல்ல. எனவே டிப்ளமோ படித்திருக்கிறோமே என்று கூச்சப்பட்டு அந்தக் கட்டத்தைக் காலியாக விட வேண்டாம். மாறாக, ஊரில் வாங்கிய பட்டம் இங்கே செல்லாது என்ற எண்ணத்தில் பி.காம். படித்த தந்தையர் தம் பிள்ளைகளை முதல் தலைமுறை என்று குறிப்பதும் உண்டு. அது சிக்கலில் கொண்டுபோய் விடும். ஐயம் இருந்தால் அந்தந்தத் திட்டத்தின் வரையறையைக் கேட்டுத் தெளிந்த பிறகே குறிக்க வேண்டும்.

கலிஃபோர்னியாவில் இன்னொரு காரணத்தாலும் வருமானமும் முதல் தலைமுறைத் தகுதியும் முன்னுக்கு வந்திருக்கின்றன. 1996-இல் வாக்காளர்கள் ஏற்ற 209-ஆம் முன்மொழிவு, பொதுக் கல்வி நிறுவனங்கள் இனத்தையோ பாலினத்தையோ காட்டிச் சலுகை தருவதைத் தடை செய்தது. 2023 ஜூன் 29 அன்று ஹார்வர்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மாணவர் சேர்க்கையில் இனத்தைக் கருதுவதற்கு நாடு முழுவதும் முற்றுப்புள்ளி வைத்தது. தீர்ப்பு சேர்க்கையைப் பற்றியதுதான் என்றாலும், அதன் நிழல் உதவித்தொகைகள் மீதும் விழுந்து, பல பல்கலைக்கழகங்கள் இனத்தைக் குறிப்பிட்ட நிபந்தனைகளை நீக்கிவிட்டன. அந்த இடத்தில் இன்று காணப்படுபவை குறைந்த வருமானம், முதல் தலைமுறை, கிராமப்புறம், முன்னாள் படைவீரர், சமுதாயக் கல்லூரியிலிருந்து மாறி வருபவர் போன்ற சொற்களே. இந்த மாற்றம் நியாயமா என்பது தனி விவாதம். கறுப்பின, இஸ்பானிய மாணவர்களுக்கு இதனால் இழப்பு நேர்ந்திருக்கிறது என்பதே என் கருத்து. உங்கள் மகளைப் பொறுத்தவரை, அவர் நிற்கிற தகுதிகள் இன்னும் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன.

இதே தகுதிகளுக்குக் கலிஃபோர்னியாவில் பொருந்துகிற திட்டம் மேசா. 1970-இல் ஓக்லண்டின் ஒரு உயர்நிலைப் பள்ளியில் தொடங்கிய இது இன்று மாநிலத்தின் மிகப் பெரும்பாலான சமுதாயக் கல்லூரிகளில் நடக்கிறது. கால்குலஸ் தேவைப்படும் அறிவியல், பொறியியல் பட்டத்தை நோக்கிப் போகிற, நிதித் தேவை உள்ள மாணவர்களை அது சேர்த்துக்கொள்கிறது. அங்கே கிடைக்கும் ரொக்கம் அதிகமில்லை. படிப்பு மையம், ஒரே பாடத்தை எடுத்த மாணவர்கள் கூடிக் கணக்குப் போடும் பயிலரங்குகள், பல்கலைக்கழக மாற்றத்தை அறிந்த ஆலோசகர் ஆகியவையே அதன் கொடை. என்னைக் கேட்டால், இணையத்தில் ஐம்பது கட்டுரைப் போட்டிகளுக்கு விண்ணப்பிப்பதைவிட மேசா மையத்தில் வாரம் மூன்று மாலை உட்கார்ந்திருப்பது கூடுதல் பணம் தரும். எஸ்-ஸ்டெம் பொறுப்பாளரும், பரிந்துரைக் கடிதம் எழுதக்கூடிய இயற்பியல் ஆசிரியரும், கோடைகாலப் பயிற்சிக்கு ஆள் தேடும் நிறுவனங்களும் முதலில் வருகிற இடம் அதுதான்.

பணத்தைக் காப்பதற்கான அடுத்த வழி பாடத் தேர்வு. அமெரிக்கப் பொறியியல் பட்டத்தின் முதல் இரண்டாண்டு ஒரு சங்கிலி: மூன்று பருவக் கால்குலஸ், அதன் பின் நேரியல் இயற்கணிதமும் வகைக்கெழுச் சமன்பாடுகளும், கூடவே கால்குலஸ் அடிப்படையிலான இயற்பியல், நிரல் எழுதுதல், மின்பொறியியலுக்குச் சுற்றுப் பகுப்பாய்வு. ஒன்றை முடித்தால்தான் அடுத்ததற்கு அனுமதி. சிறிய கல்லூரிகளில் சுற்றுப் பகுப்பாய்வு ஆண்டுக்கு ஒரு முறைதான் நடக்கும். அந்தப் பருவத்துக்குள் இயற்பியலை முடிக்காதவர் முழு ஓராண்டு காத்திருக்க வேண்டும். கலிஃபோர்னியாவின் 1705-ஆம் சட்ட வரைவு நிறைவேறிய பிறகு, அறிவியல், பொறியியல் மாணவர்களை அடிப்படைக் கணக்குப் பாடங்களில் நிறுத்தி வைக்காமல் நேராகக் கால்குலஸில் சேர்ப்பது வழக்கமாகி வருகிறது. முக்கோணவியல் மறந்துபோன மாணவருக்கு இது ஆபத்து. உடன் நடத்தப்படும் துணைப் பாடத்தை விட்டுவிடாமல் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பொறியியலில் அசோசியேட் ஆஃப் சயின்ஸ் பட்டமும், பொறியியல் தொழில்நுட்பத்தில் அசோசியேட் ஆஃப் அப்ளைடு சயின்ஸ் பட்டமும் ஒன்றல்ல என்பதையும் கவனியுங்கள். இரண்டாவது, நேராக வேலைக்குப் போகும் தொழில்நுட்பப் பணியாளருக்கு உரியது. நல்ல சம்பளமும் உண்டு. ஆனால் அதன் யூனிட்டுகள் பெரும்பாலும் பொறியியல் பட்டத்தில் சேர்வதில்லை. கல்லூரி மாறிய மாணவர்கள் தாம் ஈட்டிய கிரெடிட்டுகளில் (யூனிட்டுகளில்) சராசரியாக 43 விழுக்காட்டை இழந்ததாக அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் 2017-இல் மதிப்பிட்டது. கலிஃபோர்னியாவில் எந்தக் கல்லூரியின் எந்தப் பாடம் எந்தப் பல்கலைக்கழகத்தில் ஏற்கப்படும் என்பதைக் காட்டும் அசிஸ்ட் என்ற பொது இணையதளம் இருப்பதால் இங்கே அந்த இழப்பைத் தவிர்க்க முடியும். மகள் ஒவ்வொரு பருவமும் பதிவு செய்வதற்கு முன் அதைப் பார்ப்பது அவசியம். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைட், சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள் மாற்றுச் சேர்க்கை உத்தரவாதம் தருகின்றன. அதற்கு விண்ணப்பிக்கும் மாதம் செப்டம்பர். சில வளாகங்களில் சில பொறியியல் பிரிவுகளுக்கு அந்த உத்தரவாதம் இல்லை என்பதால் பிரிவு வாரியாகப் பார்க்க வேண்டும்.

மாறும் கட்டத்துக்கென்றே சில உதவித்தொகைகள் உண்டு. அவற்றில் பெரியது ஜாக் கென்ட் குக் அறக்கட்டளை வழங்குவது: ஆண்டுக்கு 55,000 டாலர் வரை, சமுதாயக் கல்லூரியிலிருந்து நான்காண்டுக் கல்லூரிக்கு மாறுவோருக்கு. நாடு முழுவதிலிருந்தும் சில பத்துப் பேருக்குத்தான் கிடைக்கிறது. மதிப்பெண் மிக உயர்ந்திருக்க வேண்டும். கிடைத்தால் மட்டுமே என்று திட்டமிடக் கூடாது, ஆனால் விண்ணப்பிக்காமலும் இருக்கக் கூடாது. இரண்டாண்டுக் கல்லூரி மாணவர்களுக்காக 1918-இல் தொடங்கப்பட்ட ஃபை தீட்டா காப்பா என்ற மதிப்புச் சங்கத்தில் (நல்ல மதிப்பெண் பெறுவோருக்கான அமைப்பு) சேர்வதும் நல்லது. நுழைவுக் கட்டணம் கேட்கிறார்களே என்று அதை மோசடியாகக் கருதிவிட வேண்டாம். பல பல்கலைக்கழகங்கள், தம்மிடம் மாறி வரும் இச்சங்க உறுப்பினர்களுக்கென்று தனி உதவித்தொகை ஒதுக்கி வைத்திருக்கின்றன. 1950 முதல் இயங்கும் பெண் பொறியாளர் சங்கம், ஒரே விண்ணப்பத்தைக் கொண்டு தன்னிடமுள்ள பல உதவித்தொகைகளுக்கும் மாணவியைப் பரிசீலிக்கிறது. ஏபெட் (பொறியியல் படிப்புகளின் தரத்தை அங்கீகரிக்கும் அமைப்பு) அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவா என்று அது பார்க்கும். உங்கள் கல்லூரியின் சொந்த அறக்கட்டளையை மறந்துவிட வேண்டாம். 500 டாலர், 1,000 டாலர் என்ற அளவில் உள்ளூர் வணிகர்களும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் தந்த நிதி அங்கே இருக்கும். போட்டியிடுவோர் எண்ணிக்கை குறைவு. சங்கத்தில் சேரும் கட்டணம் தவிர, இதுவரை சொன்ன எந்த உதவித்தொகையும் விண்ணப்பிக்கப் பணம் கேட்பதில்லை. விண்ணப்பத்துக்கே கட்டணம் கேட்பவர்களை விட்டு விலகுங்கள்.

வெளியிலிருந்து உதவித்தொகை வந்ததும் கல்லூரி தான் தரும் மானியத்தை அதே அளவுக்குக் குறைத்துவிடுகிற வழக்கம் அமெரிக்காவில் உண்டு. மாணவி உழைத்துப் பெற்ற 5,000 டாலர், கல்லூரியின் கணக்கில் மிச்சமாகிவிடும். பொதுப் பல்கலைக்கழகங்களில் இதைக் கட்டுப்படுத்தி 2017-இல் முதலில் சட்டம் இயற்றிய மாநிலம் மேரிலாந்து. கலிஃபோர்னியாவும் 2022-இல், பெல் தகுதியுள்ள மாணவர்களுக்கு இத்தகைய குறைப்பைத் தடுக்கும் சட்டம் கொண்டுவந்தது. ஆனால் மொத்தச் செலவைத் தாண்டும் அளவுக்கு உதவி சேர்ந்தால் குறைக்கலாம். வேறு மாநிலத்துக்கு மாறினால் நிதியுதவி அலுவலகத்திடம் முன்கூட்டியே கேளுங்கள். மானியத்தைத் தொடுவதற்கு முன், கடனையும் நிதியுதவியின் பகுதியாகத் தரப்படும் பகுதிநேர வேலையையும் குறைக்குமாறு கோரலாம். வரியையும் நினைவில் வையுங்கள். கட்டணம், கட்டாயப் புத்தகம், கட்டாயக் கருவிகளுக்குச் செலவான உதவித்தொகைக்கு வரி இல்லை. வாடகைக்கும் உணவுக்கும் போன பகுதி வருமானமாகக் கணக்கிடப்படும். உங்கள் மகளின் நிலையில் பெரும்பகுதி இரண்டாம் வகையாகவே இருக்கும் என்பதால், புத்தக ரசீதுகளைச் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள்.

பக்கத்து வீட்டுப் பையனின் நிலை கடினமானது. எச்-4 விசாவில் (எச்-1பி ஊழியரின் துணைவருக்கும் பிள்ளைகளுக்கும் தரப்படுவது) இருப்பவருக்குப் பெல் கிராண்ட் இல்லை, எஸ்-ஸ்டெம் இல்லை. தந்தையின் விசா மனுவோடு செலுத்தப்பட்ட கட்டணத்திலிருந்து நடக்கிற திட்டத்தில் மகன் சேர முடியாது என்பது சட்டத்தின் விந்தை. அந்தக் கட்டணத்தின் நோக்கமே உள்நாட்டு மாணவர்கள் என்பதால் அப்படி அமைந்திருக்கிறது. சம்பளம் தரும் பயிற்சி வேலைக்கும் அவர் போக முடியாது. இருபத்தொரு வயதானதும் எச்-4 தகுதியே போய்விடும். அதற்குள் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறுவதை வழக்கறிஞரோடு பேசி முடிவு செய்ய வேண்டும். ஆனாலும் வழி முற்றிலும் அடைபடவில்லை. கலிஃபோர்னியாவில் எச்-4 விசாவில் இருப்பவர் மாநிலவாசிக் கட்டணத்துக்குத் தகுதி பெற முடியும் என்பதால், கல்லூரியின் சேர்க்கை அலுவலகத்தில் அந்த வகைப்பாட்டைச் சரிபார்ப்பது முதல் வேலை. ஜாக் கென்ட் குக் உதவித்தொகை குடியுரிமையை நிபந்தனையாக வைப்பதில்லை. ஃபை தீட்டா காப்பா வழிப் பல்கலைக்கழக உதவித்தொகைகளும் கல்லூரி அறக்கட்டளையின் நிதிகளும் பலவற்றில் விசா நிலையைக் கேட்பதில்லை. அவருடைய வயதையும், தந்தையின் கிரீன் கார்டு மனுவின் முன்னுரிமைத் தேதியையும் (கிரீன் கார்டு வரிசையில் அவருடைய இடத்தைக் குறிக்கும் தேதி) முதலில் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு கணக்கிடச் சொல்லுங்கள். எந்தப் பருவத்துக்குள் மாற வேண்டும், எந்த உதவித்தொகைக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும் என்பதெல்லாம் அதிலிருந்துதான் முடிவாகும்.